கடைசி வாரத்து ஜெபம்

கேள்வி: பாஸ்டர் ஐயா, எனக்கு 49 வயது. சிங்கப்பூரில், ஈசூனில் இருக்கிறேன். அப்பாவுக்கு 79. நுரையீரல் புற்றுநோய். ஹாஸ்பிஸில் (கடைசி நாட்களில் நோயாளிகளைப் பராமரிக்கும் இல்லம்) சேர்த்து ஒன்பது நாள் ஆகிறது, சில வாரங்கள்தான் என்கிறார் டாக்டர். துறைமுகத்தில் நல்ல வேலை பார்த்தவர். சம்பளமெல்லாம் குடிக்கும் நாலு நம்பர் லாட்டரிக்கும் போனது. எனக்கு 11 வயதாக இருந்தபோது அம்மாவின் சங்கிலியை எடுத்துப்போய் அடகு வைத்தார், அது திரும்பி வரவேயில்லை. அப்புறம் ஆறு வருஷம் அவரே வீட்டுக்கு வரவில்லை. அம்மா ஒரு பள்ளிக்கூடத்தில் துப்புரவு வேலை பார்த்து எங்களை வளர்த்தார். ஞாயிறு தவறாமல் ஷார்ட் ஸ்திரீட் தமிழ் மெதடிஸ்ட் ஆலயத்துக்குப் போவார். தினமும் ராத்திரி அப்பாவின் பெயரைச் சொல்லி ஜெபிப்பார், கேட்கவே எனக்கு எரிச்சலாக இருக்கும். அம்மா இறந்து நாலு வருஷம். போன வாரம் அப்பா தானாகவே நர்ஸிடம் சொல்லி ஒரு போதகரை வரவழைத்து, அழுது, இயேசுவை ஏற்றுக்கொண்டாராம். ஞானஸ்நானமும் கேட்கிறார். இந்துவாக இருக்கும் சித்தப்பா, 'சாவு பயம், அதோடு வலிக்குக் கொடுக்கும் மார்ஃபின் மயக்கம், இதைப் போய் நம்பாதே' என்கிறார். அம்மாவின் 40 வருஷத்துக்கும் அப்பாவின் ஒரு ஜெபத்துக்கும் ஒரே பரலோகமா? எனக்குக் கோபம்தான் வருகிறது. இப்படிக் கோபப்படுவது பாவமா?

பதில்:

அன்புள்ள சகோதரி,

நாட்கள் குறைவு என்பதால் உங்கள் கடிதம் கிடைத்த அன்றே தனியாக நாலு வரி அனுப்பியிருந்தேன். இங்கே கொஞ்சம் நிதானமாக எழுதுகிறேன். இதே கேள்வியை மனதுக்குள் வைத்துக்கொண்டு, சபையில் கேட்கக் கூச்சப்பட்டு இருப்பவர்கள் நிறையப் பேர்.

உங்கள் கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். கோபம் வருவது பாவமில்லை. சங்கிலி போன அன்று அம்மாவின் வெறுங்கழுத்தைப் பார்த்த பிள்ளை நீங்கள். அந்தப் பிள்ளையிடம், 'அதுதான் அப்பா ஜெபித்துவிட்டாரே, எல்லாம் சரியாகிவிட்டது' என்று யாரும் சொல்லக் கூடாது. அப்படி யாராவது சொன்னால் அவர்கள் அவசரப்படுகிறார்கள், அவ்வளவுதான். தேவன் உங்கள் அப்பாவை மன்னித்தால், அது தேவனுக்கும் அவருக்கும் இடையில் நடப்பது. உங்கள் வீட்டில் நடந்ததை அது நடக்காததாக ஆக்கிவிடாது.

சரி, சித்தப்பாவின் சந்தேகத்துக்கு வருவோம். அவர்மேல் கோபப்படாதீர்கள். அவர் கேட்பதைத் திருச்சபையே கேட்டிருக்கிறது. ஆதிச் சபையில் நோய்ப்படுக்கையில் ஞானஸ்நானம் வாங்கியவர்களைப் பலர் ஒரு மாதிரியாகத்தான் பார்த்தார்கள். நாலாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், இன்றைய துருக்கியில் உள்ள நியோசெசரியாவில் கூடிய சங்கம், நோயில் கிடக்கும்போது ஞானஸ்நானம் பெற்றவரைக் குருவாக ஏற்படுத்தக் கூடாது என்று விதி போட்டது. அவருடைய விசுவாசம் மனமுவந்து வந்ததல்ல, நெருக்கடியில் வந்தது என்று காரணமும் சொன்னது. சித்தப்பா சொல்வதும் இதைத்தானே! ஆனால் அந்த விதியை இரண்டு தரம் படித்தால் ஒன்று தெரியும். ஊழியப் பொறுப்பைக் கொடுக்கத்தான் அவர்கள் தயங்கினார்கள். அவருக்கு இரட்சிப்பு இல்லை என்று அதில் சொல்லவில்லை. அதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே கார்த்தேஜ் நகரத்துப் பேராயர் சிப்ரியானிடம், படுக்கையில் கிடப்பவர்மேல் தண்ணீரைத் தெளித்தால் அது ஞானஸ்நானமாகுமா என்று கேட்டார்கள். ஆகும், நோயாளி என்பதற்காகத் தேவன் தம் கிருபையை அளந்து குறைத்துக் கொடுப்பதில்லை என்ற கருத்தில் அவர் பதில் எழுதினார். அவர் 258-இல் இரத்தசாட்சியாக மரித்தவர், சாவைப் பற்றி மேலோட்டமாகப் பேசுகிற ஆளில்லை.

பயத்தில் வந்த விசுவாசம்தானா? இருக்கலாம். பயம் இல்லாமல் சாகிறவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. 20 வருஷத்துக்கு மேலாக ஆஸ்பத்திரிகளுக்கும் ஹாஸ்பிஸ்களுக்கும் போய் வருகிறேன், விசுவாசிகளின் கண்ணிலும் பயத்தைப் பார்த்திருக்கிறேன். பயம் ஒருவரைக் கதவுவரை கொண்டுவந்து விடலாம். அதற்குமேல் அவர் என்ன செய்கிறார் என்பதுதான் கேள்வி.

லூக்கா 23-ஆம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். சிலுவையில் இரண்டு கள்ளர். இரண்டு பேருக்கும் ஒரே ஆணி, ஒரே வலி, ஒரே பயம். மத்தேயுவின் சுவிசேஷத்தைப் பார்த்தால் தொடக்கத்தில் இரண்டு பேருமே இயேசுவைப் பழித்திருக்கிறார்கள். இரண்டு பேருமே அவரிடம் ஒன்றைக் கேட்கவும் செய்தார்கள். இதை நாம் பல சமயம் கவனிப்பதில்லை. முதலாமவன், 'நீ கிறிஸ்துவானால் உன்னையும் எங்களையும் இரட்சித்துக்கொள்' என்றான். அதுவும் ஒரு வகையில் கடைசி நேரத்து வேண்டுதல்தான். மற்றவன் வேண்டுவதற்கு முன்னால் வேறொன்றைச் சொன்னான்: 'நாமோ நியாயப்படி தண்டிக்கப்படுகிறோம், நாம் நடப்பித்தவைகளுக்குத்தக்க பலனை அடைகிறோம்.' அதற்கு அப்புறம்தான், 'ஆண்டவரே, நீர் உம்முடைய ராஜ்யத்தில் வரும்போது அடியேனை நினைத்தருளும்' என்றான். சிலுவையிலிருந்து இறக்கிவிடச் சொல்லவில்லை. வளர்ந்த விதத்தைச் சொல்லவில்லை, சேர்க்கையைச் சொல்லவில்லை. நான் செய்தேன், எனக்கு இது வேண்டியதுதான், இனி உம் கையில் இருக்கிறேன். இதைத்தான் நாங்கள் மனந்திரும்புதல் என்கிறோம். கண்ணீர் வரலாம், வராமலும் போகலாம்.

அந்த மனிதனுக்கு இயேசு, 'இன்றைக்கு நீ என்னுடனேகூடப் பரதீசிலிருப்பாய்' என்றார். அவன் காணிக்கை கொடுத்ததில்லை, வேத வசனம் மனப்பாடம் பண்ணியதில்லை, ஞானஸ்நானம் வாங்கவில்லை. அவன் விசுவாசம் எவ்வளவு பெரியது என்று அளந்து பார்த்து யாரும் அவனை உள்ளே விடவில்லை. பக்கத்துச் சிலுவையில் இருந்தவர் யாரோ, அவரை நம்பித்தான் அவன் உள்ளே போனான். கிருபை என்று நாம் வாய்நிறையச் சொல்கிறோமே, அது இதுதான். இதை நான் நம்பித்தான் ஒவ்வொரு கட்டிலருகிலும் போய் நிற்கிறேன். நம்பாவிட்டால் என்னால் அந்த வார்டுக்குள் காலே வைக்க முடியாது.

மார்ஃபின் பற்றி ஒன்று. முறையான அளவில் கொடுக்கும் மார்ஃபின் ஆளை வேறு ஆளாக மாற்றிவிடாது. தொடங்கும்போதும் அளவைக் கூட்டும்போதும் சில நாள் தூக்கக் கலக்கம் இருக்கும். கடைசி நாட்களில் வரும் குழப்பத்துக்கு நோயும் ஒரு காரணம். அவர் எந்த நேரத்தில் தெளிவாக இருக்கிறார் என்று நர்ஸைக் கேளுங்கள், நேரம் குறித்தே சொல்வார்கள். தெளிவாக ஜெபிக்கட்டும் என்பதற்காக மருந்தைக் குறைக்கச் சொல்லாதீர்கள். ஒரு குடும்பம் அப்படிக் கேட்டபோது நான் பக்கத்தில் இருந்தேன். வலி ஏறியதும் அந்தப் பெரியவரால் தன் பெயரைக்கூடச் சொல்ல முடியவில்லை. இன்னொன்றையும் சித்தப்பாவிடம் சொல்லுங்கள்: அப்பாவே நர்ஸிடம் சொல்லித்தான் போதகர் வந்தார். நோயாளி கேட்காமல் கட்டிலருகே போய் நின்று பிரசங்கம் பண்ணுவது எங்கள் வழக்கமில்லை. நாலு மதத்துக்காரர்கள் பக்கத்துப் பக்கத்தில் படுத்திருக்கும் இடம் அது.

இது உண்மையான விசுவாசம்தான் என்று என்னால் கையெழுத்துப் போட்டுத் தர முடியுமா? முடியாது. என்னோடு ஜெபித்துவிட்டுப் பிழைத்தவர்கள் உண்டு. ஒருவர் மூன்றே மாதத்தில் பழைய காப்பிக்கடை மேசைக்கும் பழைய பாட்டிலுக்கும் திரும்பிப் போனார். இன்னொருவர் அதற்குப் பிறகு பதினோரு வருஷம் இருந்தார். அந்தப் பதினோரு வருஷமும் மனைவியிடம் குரலை உயர்த்தியதில்லை என்று அந்த அம்மாவே எனக்குச் சொன்னார். கட்டிலில் கிடந்தபோது இரண்டு பேரின் ஜெபமும் எனக்கு ஒரே மாதிரிதான் கேட்டது. உள்ளே இருப்பதைப் பார்ப்பவர் ஒருவர்தான். அந்த வேலை உங்களுக்கும் வேண்டாம், எனக்கும் வேண்டாம்.

ஞானஸ்நானம் கேட்டிருக்கிறார் என்றால் தாமதிக்காதீர்கள். எங்கள் மெதடிஸ்ட் சபையில் தலையில் தண்ணீர் தெளித்தே கொடுக்கலாம். ஒரு கிண்ணம் தண்ணீர் போதும், ஆக்ஸிஜன் குழாயைக்கூட எடுக்க வேண்டாம், பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். கத்தோலிக்க வாசகர்களுக்கு: சாகும் தறுவாயில் இருப்பவர் கேட்டு, குருவானவர் வர முடியாமல் போனால், யார் வேண்டுமானாலும் பிதா, சுதன், தூய ஆவியின் பெயரால் தண்ணீர் ஊற்றித் திருமுழுக்குக் கொடுக்கலாம் என்பது உங்கள் திருச்சபையின் போதனை. மூழ்கு ஞானஸ்நானம் கொடுக்கும் சபைப் போதகர்களிலும் எனக்குத் தெரிந்தவர்கள், எழுந்திருக்க முடியாதவரின் விஷயத்தைக் கர்த்தரிடமே விட்டுவிடுகிறார்கள். ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் 337-இல் மரணப்படுக்கையில்தான் ஞானஸ்நானம் பெற்றார். வேண்டுமென்றே அதுவரை தள்ளிப்போடுவது அந்தக் காலத்தில் பலரிடம் இருந்த பழக்கம். (இதைப் படித்துவிட்டு நாமும் தள்ளிப்போடலாமே என்று நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: எனக்கு வரும் அழைப்புகளில் பாதிக்குமேல், நான் போய்ச் சேரும்போது பேசும் நிலையில் ஆள் இருப்பதில்லை.)

இப்போது உங்கள் பெரிய கேள்வி. 40 வருஷத்துக்கும் ஒரு ஜெபத்துக்கும் ஒரே பரலோகமா?

இந்த இடத்தில் வழக்கமாகத் திராட்சத்தோட்டத்து வேலைக்காரர் உவமையைச் சொல்வார்கள். காலையில் வந்தவனுக்கும் சாயங்காலம் வந்தவனுக்கும் ஒரே கூலி. நானும் பலமுறை சொல்லியிருக்கிறேன். ஆனால் உங்கள் வீட்டுக்கு அது அப்படியே பொருந்தவில்லை. அந்த உவமையில் கடைசியில் வந்தவர்கள், 'ஒருவரும் எங்களுக்கு வேலையிடவில்லை' என்கிறார்கள். அவர்களை யாரும் கூப்பிடவில்லை. உங்கள் அப்பாவைக் கூப்பிட்டுக்கொண்டேதான் இருந்தார்கள், வீட்டுக்குள்ளேயே, ஒவ்வொரு ராத்திரியும்.

உங்களுக்குப் பொருந்துவது லூக்கா 15-இல் வரும் மூத்த மகன். தம்பி ஊதாரித்தனமாக எல்லாவற்றையும் அழித்துவிட்டு வந்து நிற்க, வீட்டில் விருந்து நடக்கிறது. வயலில் உழைத்துவிட்டு வந்த மூத்தவன் உள்ளே போக மாட்டேன் என்று வெளியே நிற்கிறான். அவன் சொன்னதில் ஒன்றுகூடப் பொய்யில்லை. அதனால்தான் தகப்பன் அவனை அதட்டவில்லை. விருந்தை விட்டு எழுந்து வெளியே வந்து வருந்திக் கேட்கிறார்: 'மகனே, நீ எப்போதும் என்னோடிருக்கிறாய்.' இளையவனை எதிர்கொள்ள ஓடிய அதே தகப்பன் மூத்தவனுக்காகவும் வெளியே வருகிறார். அவன் உள்ளே போனானா என்று இயேசு சொல்லவேயில்லை. அங்கேயே நிறுத்திவிட்டார். உங்களையும் இன்றைக்கே உள்ளே வா என்று நான் இழுக்கப் போவதில்லை.

ஆனால் 'எப்போதும் என்னோடிருக்கிறாய்' என்ற அந்த வார்த்தையை அம்மாவுக்கு வைத்துப் பாருங்கள். அந்த 40 வருஷத்தை அம்மா பரலோகத்துக்குக் கட்டிய தவணைப் பணமாக நீங்கள் எண்ணுகிறீர்கள். அப்பா ஒரே தவணையில் அதே வீட்டை வாங்கிவிட்டார் என்பதுதான் உங்கள் வருத்தம். அம்மா அப்படி எண்ணியிருப்பாரா? பள்ளிக்கூடத்துக் கழிப்பறைகளைக் கழுவிவிட்டு வந்த கையோடு அவர் முழங்காலில் நின்றது கூலிக்கு அல்ல. அவர் தனியாக இல்லை. அந்த வருஷங்களில் அவருக்குக் கிடைத்த துணை உங்கள் அப்பாவுக்குக் கிடைக்கவேயில்லை. அதை இழந்ததை நினைத்துக்கூட அவர் இப்போது அழுதிருக்கலாம்.

அப்புறம், நீங்கள் போகிறபோக்கில் எழுதிய ஒரு வரி. அம்மா தினமும் ராத்திரி அப்பாவின் பெயரைச் சொல்லி ஜெபிப்பார், உங்களுக்கு எரிச்சலாக இருக்கும். சகோதரி, போன வாரம் அந்தக் கட்டிலில் நடந்தது அம்மா கேட்டதுதானே? அம்மாவுக்கு அநியாயம் நடந்துவிட்டதாக எழுதுகிறீர்கள். எனக்கோ அம்மாவின் வேண்டுதலுக்குப் பதில் வந்திருப்பதாகத் தெரிகிறது.

இவ்வளவும் சொன்ன பிறகு, உங்கள் அப்பாவிடமும் ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது. அவர் கர்த்தரிடம் மன்னிப்புக் கேட்டார். உங்களிடம் கேட்டாரா? உங்கள் கடிதத்தில் அது இல்லை. கடிதத்திலேயே எனக்கு உறுத்தியது அந்த இடம்தான். சிலுவையில் தொங்கிய கள்ளனுக்கு ஈடுசெய்ய வழியில்லை, கையும் காலும் ஆணியில் இருந்தன. லூக்கா 19-இல் வரும் வரி வசூல்காரன் சகேயுவுக்கு வழி இருந்தது. அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாய்த் திருப்பித் தருகிறேன் என்று எழுந்து நின்று சொன்னான். உங்கள் அப்பாவுக்கு இன்னும் சில நாள் இருக்கிறது, நாக்கு இருக்கிறது. ஈடுசெய்தால்தான் இரட்சிப்பு என்று நான் சொல்லவில்லை. இரட்சிப்பு வந்த இடத்தில் மனிதன் தான் காயப்படுத்தியவர்களின் பக்கம் திரும்பாமல் இருக்க முடியாது, அதைத்தான் சொல்கிறேன்.

சில வருஷங்களுக்கு முன் ஒரு பெரியவர், லாரி ஓட்டியவர். தொண்டையில் புற்று, பேச்சு போய்விட்டது. மகன் கட்டிலின் கால்மாட்டில் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறான், தலைமாட்டுக்கு வர மாட்டேன் என்கிறான். பெரியவர் என் பேனாவைக் கேட்டு வாங்கி, டிஷ்யூ பெட்டியின் பக்கவாட்டில் கோணல்மாணலாக ஒரு வரி எழுதினார்: 'பெல்ட்டால் அடிச்சது தப்பு.' அவ்வளவுதான். மகன் அதைப் படித்தான். அழவில்லை, ஒன்றும் சொல்லவில்லை. மேசைமேல் வாயை நனைக்கும் பஞ்சுக் குச்சி இருந்தது. அதை எடுத்துத் தண்ணீரில் தோய்த்து அப்பாவின் உதட்டை நனைத்தான். நான் வெளியே வந்துவிட்டேன். பொதுவாக 'எல்லாத்துக்கும் மன்னிச்சிடு' என்று எழுதியிருந்தால் அவன் கால்மாட்டிலேயே நின்றிருப்பான் என்று நினைக்கிறேன்.

அதனால் அப்பாவைப் பார்க்க வரும் போதகரிடம் இதைச் சொல்லுங்கள். 'கர்த்தரிடம் சொன்னதை மகளிடமும் சொல்லுங்கள் ஐயா' என்று அவர் அப்பாவிடம் பக்குவமாக எடுத்துச் சொல்லட்டும். அது அவர் கடமை. அப்பா அதற்குள் தளர்ந்துவிட்டால் நீங்களே தொடங்கலாம். 'அப்பா, அம்மாவோட சங்கிலி ஞாபகம் இருக்கா?' என்று கேளுங்கள். பழிவாங்கவா என்று பயப்பட வேண்டாம், குரலிலேயே அவருக்குத் தெரிந்துவிடும். அவரிடம் பதில் இருந்தால் கேட்டுக்கொள்ளுங்கள். இல்லையென்றாலும் நீங்கள் சொல்ல வேண்டியதைச் சொல்லியாயிற்று. 'மன்னித்துவிட்டேன்' என்ற வார்த்தை அன்றைக்கு உங்கள் வாயில் வராவிட்டால் இழுத்துப் பிடித்துச் சொல்ல வேண்டாம். அவர் போன பிறகும், ஒரு வருஷம் கழித்துக்கூட, அதைச் சொல்லலாம்.

அடக்கத்தைப் பற்றியும் அவர் பேசக்கூடிய நிலையில் இருக்கும்போதே, சித்தப்பாவையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேட்டுவிடுங்கள். சுவா சூ காங் இடுகாட்டில் புதைத்தாலும் 15 வருஷத்துக்குப் பிறகு தோண்டி எடுத்துவிடுவார்கள். மண்டாய் தகனச்சாலையில் தகனம் பண்ணுவதில் கிறிஸ்தவர்களுக்கு ஒரு தடையும் இல்லை. அடுக்குமாடி புளோக்குக் கீழே உடலை வைத்துக்கொண்டு எந்த முறைப்படி என்று அண்ணன் தம்பி குடும்பங்கள் சண்டை போட்டதைப் பார்த்திருக்கிறேன், உங்களுக்கு அது வேண்டாம். சித்தப்பா தன் அண்ணனுக்கு மாலை போட்டுக் கும்பிட விரும்பினால், அதற்கு இடம் விடுங்கள்.

போகும்போது நீளமான ஜெபம் எதுவும் தயார் பண்ணிக்கொண்டு போக வேண்டாம். அம்மாவின் பைபிள் வீட்டில் இருந்தால் எடுத்துப் போங்கள். 23-ஆம் சங்கீதத்தை ஒவ்வொரு வரியாக, நிறுத்தி நிறுத்தி வாசியுங்கள். 'கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார்' என்பது அம்மாவின் வாயிலிருந்து அவர் காதில் எத்தனையோ முறை விழுந்திருக்கும். கண்ணை மூடியிருந்தாலும் பெயர் சொல்லிப் பேசுங்கள், காது கேட்டுக்கொண்டிருக்கலாம். வாசிக்கக்கூட மனம் வரவில்லை என்றால், 'அப்பா, நான் வந்திருக்கேன்' என்று மட்டும் சொல்லிவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருங்கள்.

தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால் வாட்ஸ்அப்பில் ஒரு வரி அனுப்புங்கள். இந்த வாரம் சாயங்காலங்களில் நான் வர முடியும். உள்ளே வர மாட்டேன், வெளியே நடைபாதை பெஞ்சில் இருப்பேன்.